வேனுக்கென்று வாங்கிய சாமான்கள்

என் அத்தையின் கல்யாணம் நின்றுபோனது என் வாயால்தான் என்று எங்கள் வீட்டில் ஒரு தீர்ப்பு உண்டு. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் இன்னொருத்தரைக் கெடுத்த நுணல். தீபாவளிக்கு எல்லாரும் கூடும்போது யாராவது ஒருவர் இந்தப் பேச்சை எடுக்காமல் விடமாட்டார்கள். அத்தை மட்டும் முறுக்குத் தட்டை என் பக்கம் தள்ளிவைப்பாள். அது நடந்தபோது எனக்கு ஒன்பது வயது.

அத்தை அப்பாவின் தங்கை. ஜொகூரில், தம்போய் என்ற ஊரில் எங்களோடுதான் இருந்தாள். விடியுமுன் பஸ் பிடித்து, எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்குப் போய், ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்த்துவிட்டு வருவாள். வயது முப்பத்து நான்கு. அந்த வயதில் மற்ற பெண்கள் நகை சேர்ப்பார்கள். அத்தை மஸ்டாங் சேர்த்தாள். அமெரிக்காக்காரன் அறுபதுகளில் செய்த, நீள மூக்கும் குட்டை முதுகும் கொண்ட அந்தக் காரை அசலாக வாங்க எங்கள் பரம்பரைக்கே வழியில்லை. அதனால் ஒரு பழைய ஜப்பான் காரின் அடிச்சட்டத்தைக் கொண்டுவந்து வீட்டு முன்கூரைக்குக் கீழே நிறுத்தி, அதன்மேல் தன் மஸ்டாங்கைத் தானே கட்ட ஆரம்பித்தாள். உடம்பு, பொந்தியானில் மீன்பிடிப் படகு செய்கிறவர் ஃபைபரில் வார்த்துக் கொடுத்தது. மற்றதெல்லாம் பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கியது.

சனிக்கிழமை ஆனால் அப்பாவின் வேனை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் கடை கடையாகப் போவோம். எங்களுக்கு ஒரே ஒரு விதி. எந்த வண்டிக்கு என்று யார் கேட்டாலும் மஸ்டாங் என்ற சொல் வாயில் வரக்கூடாது.

"பேரச் சொன்னா வெலய ஏத்திருவாங்க லா. இந்த வேனுக்குன்னு சொல்லு, போதும்," என்பாள் அத்தை.

எங்கள் பொய்க்கு ஏற்றபடி வேனும் நெளிந்து துருப்பிடித்துத்தான் இருந்தது. மற்ற விஷயங்களில் நான் அரிச்சந்திரனுக்கு அடுத்த வீடு. இந்தப் பொய்யைச் சொல்ல மட்டும் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

யோங் பெங் என்ற ஊரில் ஒரு தமிழர் கடை இருந்தது. தகப்பனார் காலமான பிறகு தாயும் மகனுமாக நடத்தினார்கள். தாயார் கடைப்பக்கம் வருவதில்லை, ஆனால் அவர் சொன்னால் சொன்னதுதான் என்று கேள்வி. மகனுக்கு அத்தையின் வயதுதான் இருக்கும். முதல் நாள் அவர், "என்ன வண்டிக்குங்க?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "வேனுக்கு, அங்கிள்," என்றேன். அவர் வெளியே நின்ற வேனைப் பார்த்தார். அத்தை கேட்ட வட்ட விளக்கைப் பார்த்தார். "ஓ, வேனுக்கா," என்றபடி உள்ளே போய் ஒரு ஜோடி எடுத்துவந்தார்.

அடுத்த வாரம் போனால், நாங்கள் கேட்காமலே பின்விளக்குகளைத் துடைத்து எடுத்து வைத்திருந்தார். அதற்கு அடுத்த வாரம் ஸ்டியரிங். மூன்று கம்பி போட்டு நடுவில் பள்ளமான ஸ்டியரிங் அது. அதை வேனில் மாட்டுகிறவன் பைத்தியக்காரனாகத்தான் இருக்கவேண்டும். "ஒங்க வேனுக்கு நல்லா பொருந்தும்," என்று முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார். எனக்கு ஒரு பாக்கெட் சோயாத் தண்ணீர் வேறு. இவ்வளவு ஏமாளியான கடைக்காரரை நான் ஜொகூரிலேயே பார்த்ததில்லை.

மற்ற கடைகளில் பத்து நிமிடத்தில் வேலையை முடிக்கும் அத்தை, அங்கே ஒரு போல்ட்டைத் தேட மத்தியானம் வரை எடுத்துக்கொள்வாள். யோங் பெங் போகிற சனிக்கிழமைகளில் மட்டும் தலையை இரண்டு தரம் வாருவாள். ஆளை ஏமாற்றப் போகும்போது கொஞ்சம் அலங்காரம் தேவைதான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆறேழு மாதம் இப்படியே போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். கோயில் பழக்கத்தில் தேடி வந்த வரன் என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். கோயில் ஆளிடம் சொல்லி அதை நகர்த்தியதே மாப்பிள்ளையும் பெண்ணும்தான் என்பது அப்போது யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளையின் தாயாருக்குக் காதல் என்றாலே ஆகாது. அதனால் முன்பின் தெரியாதவர்களைப்போல இருந்தே கல்யாணத்தை முடித்துவிடுவதென்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள். இதெல்லாம் வெகுகாலம் கழித்து அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வந்து இறங்கியவரைப் பார்த்தால், சோயாத் தண்ணீர் அங்கிள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அத்தை கண்ணாலேயே என்னை அடக்கினாள்.

பெண் கார் கட்டுகிறாள் என்று தெரிந்தால் வரன் ஓடிவிடும் என்று அப்பா காரைப் படுதா போட்டு மூடியிருந்தார். தாயார் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. நல்ல மாதிரியாகத்தான் பேசினார். கேசரியைப் பாராட்டினார். என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். பிறகு அம்மாவைப் பார்த்து, "சிங்கப்பூர் சம்பளம் வாங்குற பொண்ணு. காசு கையில நிக்குமா? நாங்க கஷ்டப்பட்டு வந்தவங்க, பாருங்க," என்றார்.

அம்மா அவசரமாக அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் கேசரி வைத்தாள். அத்தையின் மானம் என் கையில் இருப்பதாக எனக்குப் பட்டது. சாமான்களைத்தான் காரில் மாட்டியாயிற்றே, இனி யார் வந்து கழற்றப்போகிறார்கள்?

"அத்தை ரொம்ப சிக்கனம், பாட்டி," என்றேன். "வெளிய நிக்கிற மஸ்டாங்குல முக்கால்வாசி ஒங்க கடைச் சாமான்தான். வாராவாரம் போயி, வேனுக்குன்னு சொல்லி வாங்கிட்டு வந்துருவோம். அங்கிளுக்குத் தெரியவே தெரியாது."

நான் எதிர்பார்த்தபடி யாரும் சிரிக்கவில்லை. தாயார் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மகன் பக்கம் திரும்பினார்.

"வாராவாரமா? ஏன்டா, இந்தப் பொண்ண ஒனக்கு முன்னாலயே தெரியுமா?"

அத்தை சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அதுவரை குனிந்திருந்த தலையை நிமிர்த்தி, மாப்பிள்ளையை நேராகப் பார்த்தாள்.

"கடைக்கு வர்றவங்கதாம்மா," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "எத்தனையோ பேரு வர்றாங்க. இவங்க வேனுக்குன்னுதான் கேட்டாங்க."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் சொன்னதற்கு அவரே சாட்சி சொல்லிவிட்டார்.

ஏமாற்றிப் பிழைக்கிற பெண் தங்கள் வீட்டுக்கு வேண்டாம் என்று தாயார் எழுந்தார். எங்கள் வீட்டுப் பெண்ணுக்கு அந்தத் தலையெழுத்து இல்லை என்று அப்பா குரலை உயர்த்தினார். அம்மா என் தொடையில் கிள்ளினாள். எதற்கென்று விளங்காமல் அத்தையிடம் ஓடினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

தாயாரைக் காரில் ஏற்றிவிட்டு, எதையோ மறந்துவிட்டவர்போல அவர் மட்டும் கேட் வரை திரும்பி வந்தார்.

"அந்த எடது பக்கக் கண்ணாடி வந்துருச்சு," என்றார் மெதுவாக. "கோலாலம்பூர்லேர்ந்து வரவச்சேன். எடுத்து வச்சிருக்கேன்."

குரோம் பூசிய வட்டக் கண்ணாடி அது. வலப்பக்கத்துக்குக் கிடைத்து, இடப்பக்கத்துக்கு மட்டும் கிடைக்காமல் மூன்று மாதமாக ஊர் ஊராகத் தேடிக்கொண்டிருந்தோம். நான் குதித்தேன்.

"எங்க வேனுக்கு ரெண்டு கண்ணாடியும் இருக்குங்க," என்றாள் அத்தை.

அவர் கேட்டைச் சாத்தினார். பிறகு போய்விட்டார்.

எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. "வேனுக்கில்ல அத்தை, காருக்கு, காருக்கு," என்று அவள் கையைப் பிடித்து இழுத்தேன். "பேசுறதையும் பேசிட்டு இப்ப அழுவுதா?" என்று உள்ளேயிருந்து அம்மா கத்தினாள். செய்த தப்பை நினைத்து அழுவதாகத்தான் எல்லாரும் எண்ணினார்கள். தப்பு இன்னதென்றே எனக்குத் தெரியாது. "தெரிஞ்சுதான் குடுத்தேன்" என்று அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்றுதான் அத்தை சமையலறை வாசலில் காத்து நின்றாள் என்பதும் தெரியாது. அத்தை முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, கண்ணாடி வேறு எங்காவது கிடைக்கும் என்றாள். கிடைக்காது, அதைப்போல் ஒன்று கிடைக்கவே கிடைக்காது என்று நான் அன்று சாயங்காலம் வரை அவளிடம் சொல்லிச் சொல்லி அழுதேன்.