அக்கா காலியாக விட்ட வரி

"…அதனாலதான் உன் பட்டறை பேரை மொதல்ல எழுதச் சொன்னேன். ஊர்ல இருக்கிற சாயப்பட்டறைய எல்லாம் எழுதிட்டு சொந்தத் தம்பிய வுட்டா, கேக்கறவன் சிரிக்க மாட்டானா?" என்று அக்கா சொன்னபோது, நான் அவர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா பிறந்தது தமிழ்நாட்டு எல்லையோரச் சிற்றூரில், நிலமில்லாத வீட்டில். நடவுக் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர் ஆந்திரத்து நகரிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, மாமாவின் விசைத்தறிக்கு நூல் சுற்றினார். எனக்குப் பட்டறை போட இடம் பார்த்துக் கொடுத்தவரும் அவரே. பட்டறைத் தண்ணீர் கால்வாயில் போயிற்று. கால்வாயோரத்தில்தான் அக்கா வீட்டுக் கிணறு. அதை எட்டிப் பார்த்தால் போதும், இந்த வாரம் எந்தக் கலர் சேலை ஓடுகிறதென்று தெரிந்துவிடும் என்று தெருவில் கேலி பேசுவார்கள். அக்காவும் சேர்ந்து சிரிப்பார். தெருப் பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் புண் வந்த பிறகு சிரிக்கவில்லை.

சித்தூரில் ஓர் அதிகாரி, சின்னப் பட்டறைகளைத் தட்டிக்கேட்கத் தனியாகச் சட்டம் இல்லை, "லேதம்மா" என்று தெலுங்கில் சொன்னாராம். "ஊட்ல உப்பு லேதுன்னா கடைக்குப் போறதில்லியா சார்? சட்டம் லேதுன்னா யார்கிட்ட போவணும், அதச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார் அக்கா.

திருப்பதிக்குச் சட்டமன்ற உறுப்பினர்கள் குறை கேட்க வருவதாகத் தெரிந்தது. சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்யாமல் விடக்கூடாது, சின்னப் பட்டறைகளுக்கு அரசே பொதுச் சுத்திகரிப்பு நிலையம் கட்டித் தரவேண்டும், இரண்டும் சட்டமாக வேண்டும் என்று அக்கா ஒரு வாத்தியாரைத் தெலுங்கில் மனு எழுத வைத்தார். தெலுங்கு படிக்கத் தெரியாததால் மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். முதல் பக்கத்தில் பட்டறைகளின் பெயர். இரண்டாம் பக்கத்தில் முறையிடுவோர் கையெழுத்து: முதல் வரியில் அக்கா, அடுத்த வரி எனக்காகக் காலி.

குற்றவாளியும் நான், முறையிடுகிறவனும் நானா? எனக்கு இன்றும் விளங்கவில்லை. அன்று கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டேன். அந்த வரி காலியாகவே மனு திருப்பதிக்குப் போனது. பல மாதம் அவர் வீட்டுப் படி மிதிக்கவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதானே என்று உறவினர் எனக்காகப் பரிந்து பேசினார்கள். அக்கா சொன்னாராம்: "வயிறு வேறதான். தண்ணி ஒண்ணாச்சே."

சட்டம் வரவில்லை. அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. தண்ணீரால்தானா என்று டாக்டரைக் கேட்டேன். ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது என்றார். என்னைத் திட்டிக்கொள்வதா, தேற்றிக்கொள்வதா என்று தெரியாமலே, அக்கா போய் ஓராண்டு ஓடிவிட்டது. பட்டறையும் ஓடுகிறது. மாமா மறுபடி மனு எழுதியிருக்கிறார். அதிலும் ஒரு வரி காலி.

மனு எழுதித் தந்த வாத்தியாருக்கும், திருப்பதிக்குப் பேருந்தில் அக்காவுடன் போன தெருப் பெண்களுக்கும், கடைசி நாட்களில் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அன்று சாப்பாட்டில் கை வைத்தபடி, "கையெழுத்துப் போட்டா என் பட்டறைய நானே மூடிக்கினு போற மாதிரி அக்கா" என்றேன். அவர் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றி, என் கையைத் தட்டிலேயே கழுவி, முந்தானையால் துடைத்தார். நகக்கண்ணில் இருந்த நீலம் மட்டும் போகவில்லை. விரலிடுக்கில் பேனாவை வைத்தார். நான் போடுகிறேனா இல்லையா என்று பார்க்காமல், அடுப்பைப் பார்க்க எழுந்து உள்ளே போனார்.