பெட்டியின் மேல் போட்ட பழி

எங்கள் வீட்டுக் கணினியின் இடது பக்கத் தகட்டில் ஒரு பள்ளம் இருந்தது. என் குதிகால் போட்ட பள்ளம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கதவை உதைத்திருக்கிறேன், சுவரில் குத்திக் கையைக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். என் அப்பா ஆட்களை அடித்தார், நான் பொருள்களைத்தான் அடிக்கிறேன், ஆகவே நான் தேவலை என்று எனக்கு நானே ஒரு நற்சான்றும் கொடுத்து வைத்திருந்தேன்.

எங்கள் பர்மிய நகரத்தின் ஓரத்தில், லைங் தாயாவில் உள்ள ஒரு தையல் ஆலைக்கு வீட்டிலிருந்தே மார்க்கர் போட்டுக் கொடுப்பது என் வேலை. சட்டையின் கை, கழுத்து, முதுகு என்று வெட்ட வேண்டிய துண்டுகளைத் துணி வீணாகாமல் நெருக்கி அடுக்கிக் காட்டும் படம் அது. அடுக்குகிற கணக்கைக் கணினி போடும். என் பழைய பெட்டி ஒரு பெரிய மார்க்கருக்கு நாலு மணி நேரம் இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளும். எங்கள் கியாக்டடா சந்துக்கோ அப்போது காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரைதான் கரண்ட். கரண்ட் போனால் தாங்கிப் பிடிக்கிற பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. ஒரு மணிக்குக் கரண்ட் போகும், கணக்கு அழியும், மறுநாள் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அந்த இருபது நிமிடத்துக்காகத்தான் அத்தனை உதையும்.

பெட்டி ஏன் இப்படி நொண்டுகிறது என்று தேடியபோது, பிராசஸருக்குப் போடுகிற ‘பேட்ச்’ என்னும் பாதுகாப்பு ஒட்டுகள்தான் காரணம் என்று படித்தேன். நான் தெருமுனையில் வருவதைப் பார்த்ததுமே டீக்கடைக்காரர் எனக்கு டீ ஊற்ற ஆரம்பிப்பது மாதிரி, பிராசஸரும் நாம் கேட்பதற்கு முன்பே ஊகித்து வேலையைச் செய்து வைக்குமாம். அந்த ஊகத்தின் மிச்சத்தை நோண்டி ஒரு திருடன் பாஸ்வேர்டைப் பார்த்துவிட முடியும் என்று கண்டுபிடித்து, ஊகத்துக்குக் கடிவாளம் போட்டார்கள். அதில் பழைய பெட்டிகள் மெதுவாகிவிட்டன. ஒட்டை வேண்டாம் என்று அணைத்துவிடவும் வழி இருந்தது.

அதே பெட்டியில்தான் என் மனைவியின் பேஜும் இருந்தது. லுங்கித் துணியும், பெண்கள் உடுத்தும் தமெய்னும் இணையத்தில் விற்கிற பேஜ். ஒவ்வொரு வாடிக்கையாகப் பிடித்து ஏழு வருஷம் அவள் வளர்த்தது. அவள் அப்பா தமிழர், அம்மா பர்மியர். வீட்டில் பர்மிய மொழிதான் பேசுவாள், கோபம் வந்தால் தமிழ். பர்மிய வழக்கப்படி என்னைக் ‘கோ’ என்று கூப்பிடுவாள். அவளைக் கேட்காமலேயே ஒட்டை அணைத்தேன். அன்று மார்க்கர் ஒரு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால் முடிந்தது. வெற்றியில் மேஜையை ஒரு குத்துக் குத்தினேன்.

பத்து நாள் கழித்து அது நடந்தது. ஒன்பது மணிக்குச் சந்து முழுக்க ‘மீ லா ப்யீ’, கரண்ட் வந்தாச்சு, என்று கத்தினார்கள். அவள் தண்ணீர் மோட்டார் போடக் கீழே ஓடினாள். கரண்ட் இருக்கும்போதே எல்லாவற்றுக்கும் சார்ஜ் ஏற்ற வேண்டும் என்பதால், அவள் போன் என் மேஜையில் செருகிக் கிடந்தது. கணினியில் அவள் பேஜுக்கு ஒரு செய்தி வந்து மார்க்கரை மறைத்தது. புகார் வந்திருக்கிறது, பேஜை மூடப்போகிறோம், போனில் வந்த ஆறு இலக்க எண்ணை உடனே அனுப்பு என்றது. தொலைந்து போகட்டும் என்று போனைப் பார்த்து ஆறு எண்ணையும் தட்டினேன். செய்தி திரையை விட்டுப் போய்விட்டது, நான் மார்க்கருக்குத் திரும்பினேன்.

பதினொரு மணிக்கு அவளால் பேஜுக்குள் நுழைய முடியவில்லை. அவள் பெயரில் வேறு யாரோ வாடிக்கையாளர்களிடம் முன்பணம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையாகப் போன். “திருட்டு முண்டை” என்று ஒரு பெண் பர்மிய மொழியில் கத்தியது எனக்கே கேட்டது. என் மனைவி போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

“இந்தப் பெட்டில என்ன பண்ணுன கோ?”

எனக்குப் புரிந்துவிட்டது, அந்த ஆறு எண்தான். ஆனால் மார்க்கருக்காக அவசரப்பட்டு எண்ணைத் தூக்கிக் கொடுத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பிராசஸர் ஒட்டை அணைத்தேன், அந்த வழியாக நுழைந்திருப்பார்கள் என்றேன். முட்டாள் என்று பெயர் வாங்குவதைவிடத் துணிந்தவன் என்று திட்டு வாங்குவது மேல் என்று பட்டது.

முகத்தில் பூசத் தனக்கா மரப்பட்டை அரைக்கும் வட்டக் கல் ஜன்னலோரம் இருந்தது. அதை இரண்டு கையாலும் தூக்கிப் பெட்டியின் மேல் போட்டாள். தகடு பிளந்தது. மறுபடி தூக்கிப் போட்டாள். விசிறி நொறுங்கியது, பொறி பறந்தது, பாதி முடிந்த மார்க்கர் திரையிலிருந்து மறைந்தது. “ஏழு வருஷம்! ஏழு வருஷம்டா!” என்று அலறினாள். மூன்றாம் தடவை கல்லை ஓங்கியபோது அவள் வலது மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். கல் என் பாதத்தில் விழுந்து நகத்தைப் பெயர்த்தது. வலியில் இன்னும் முறுக்கினேன். பச்சைக் குச்சி முறிகிற சத்தம் கேட்ட பிறகுதான் விட்டேன்.

மருத்துவமனையில் எப்படி ஆயிற்று என்று கேட்டார்கள். மாடிப்படியில் விழுந்தேன் என்று சொல்லி என்னைக் காப்பாற்றினாள். நான் பக்கத்தில் ரத்தச் செருப்போடு நின்றேன். வெட்கமாக இருந்தது.

ஒன்பது வாரம் அவளுக்குத் தலை வாரிவிட்டேன், சோறு பிசைந்து கொடுத்தேன். ஒரு பழைய மடிக்கணினி வாங்கி வந்ததும், “இதுல அந்த ஒட்டு இருக்கா கோ?” என்றாள். இருக்கிறது என்றேன். தினம் காலையில் அதையே கேட்பாள். கரண்ட் இருக்கிற நேரத்தில், துணி விற்கிற சந்துப் பெண்களையும் கூட்டி வந்தாள். “எம் பேஜ் போனது அந்த ஒட்டு இல்லாமத்தான். என் வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தெரியும், பாத்துக் குடுப்பாரு” என்பாள். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டி, ஒவ்வொரு கணினியாகத் திறந்து பார்ப்பேன்.

கட்டுப் பிரித்த அன்று கை முழுதாகத் திரும்பவில்லை. தேநீர்க் குவளையைத் தூக்கப் பார்த்து, முடியாமல் கீழே வைத்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஆறு எண்ணைப் பற்றிச் சொல்லிவிட்டேன். அடி என்று முகத்தையும் நீட்டினேன்.

அவள் அடிக்கவில்லை. “கைய ஒடச்சது கோவத்துல. அது எனக்கு வெளங்குது, நானுந்தான் பெட்டிய ஒடச்சேன்” என்றாள். “ஆனா இது கோவம் இல்ல கோ. ஒம்பது வாரம் தெனமும் காலைல எந்திரிச்சு, எம் மொகத்தப் பாத்து யோசிச்சுப் பொய் சொல்லியிருக்க.”

கை உடைந்த அன்று என்னைக் காட்டிக் கொடுக்காதவள், அன்று மத்தியானம் ஷ்வேப்யிதாவிலுள்ள தன் அக்கா வீட்டுக்கு பஸ் ஏறினாள். பையை நான் தூக்குகிறேன் என்றேன். கொடுக்காமல் இடது கையிலேயே தூக்கிக்கொண்டு போனாள்.