பன்னிரண்டாம் அறையின் மெல்லிய தலையணை

கப்பலில் அவளை எல்லோரும் ரேடார் என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்கு மட்டும் அக்கா. அவள் மேல்தளத்தில் விருந்தினர் அறைகளைக் கவனிப்பவள். நான் அடித்தளத்தில் துணி தேய்ப்பவள். தூங்குவதற்கு எங்கள் இருவருக்கும் ஒரே அறை. மேல் கட்டில் அவளுக்கு, கீழ்க் கட்டில் எனக்கு.

எங்களுடையது சின்னக் கப்பல். ஐம்பது அறைகூடக் கிடையாது. பெரிய கப்பல்களில் ஒரு ஊரே ஏறி இறங்கும்; குளிக்கிற குளத்தருகே நாற்காலி பிடிக்கத் துண்டு போட்டு வைப்பார்களாம். இங்கே அந்தத் தள்ளுமுள்ளு இல்லை. பெரிய கப்பல் நுழைய முடியாத ஒடுக்கமான விரிகுடாக்களுக்குள் நாங்கள் நுழைவோம். ஆனால் பணக்காரர்கள் திரும்பத் திரும்ப எங்களிடம் வருவது அதற்காக மட்டும் இல்லை என்பாள் அக்கா.

"இவங்களுக்கு எதுடி இல்லை? வீட்டுல இதைவிடப் பெரிய கட்டில் இருக்கும். ஆனா ஒரு தடவை சொன்னதை மறுபடி சொல்ல வேண்டாத இடம் எங்கே இருக்கு? காபியில சர்க்கரை வேண்டாம்னு என் புருஷன்கிட்ட கல்யாணத்தன்னிக்கே சொன்னேன். கடைசி நாள் வரைக்கும் போட்டுத்தான் குடுத்தான்."

அந்தக் கடைசி நாள் அவன் செத்த நாள் இல்லை. வேறொருத்தியோடு போன நாள். அதற்குப் பிறகுதான் மகளைத் தம்பி வீட்டில் படிக்க விட்டுவிட்டு அக்கா கப்பலுக்கு வந்தாள்.

யார் எந்தப் பக்கம் படுப்பார், யாருக்கு ஜன்னல் திரை கொஞ்சம் விலகியிருக்க வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம்; ரேடார் என்ற பெயர் வந்ததே அதனால்தான். அதுவே வினையாகவும் வந்தது. போன பயணத்தில் ஒரு பெண்மணி, "நான் அழுதது இவளுக்கு எப்படித் தெரியும்? வேவு பார்க்கிறாளா?" என்று சத்தம் போட்டார். தலையணை உறை ஈரமாக இருந்ததைப் பார்த்து அக்கா தலைமாட்டில் டிஷ்யூ பெட்டி ஒன்றை வைத்திருந்தாள். செய்தது அவ்வளவுதான்.

சூப்பர்வைசர் அவளை லாண்டரிக்கே தேடி வந்து சொன்னார்: "இன்னொரு புகார் வந்துச்சுன்னா அடுத்த துறைமுகத்துல இறங்கிடணும். மேலிடத்துல என்னால பேச முடியாது."

மகளுக்குப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருந்தது. அக்கா அன்று சாப்பிடவில்லை.

அடுத்த பயணம் கிளம்பிய நாளில், ஆள் போதாமல் என்னையும் மேலே கூப்பிட்டிருந்ததால், ஏறுபடியருகே குளிர்ந்த துண்டுகள் அடுக்கிய தட்டோடு நான் நின்றுகொண்டிருந்தேன். பன்னிரண்டாம் அறைப் பெரியவர் வந்தார். முந்தைய முறை மனைவியோடு வந்தவர். பதிவில் இந்த முறையும் இரண்டு பேர்தான். வரவேற்ற அதிகாரி அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பெரியவர் துண்டால் முகத்தை ஒற்றியபடியே சொன்னார்: "நான் மட்டும்தான். அவ ரெண்டு மாசம் முன்னாடி தவறிட்டா."

காலையிலிருந்து அக்கா அந்த அறையில்தான் இருந்தாள், அந்த அம்மாவுக்குப் பிடித்தபடி ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டு.

அதிகாரி அவரைப் பழச்சாறு கொடுக்கும் கூடத்துக்கு அழைத்துப் போனார். அந்நியர் முன்னால் வாய் திறக்கவே எனக்குக் கூசும். அன்று தட்டைப் பக்கத்தில் இருந்தவனிடம் திணித்துவிட்டுப் பணியாளர் படிக்கட்டில் ஓடினேன்.

"அக்கா, அவர் தனியா வந்திருக்கார்."

"அம்மா பின்னாடி வராங்களா?"

"அவங்க இல்லைக்கா. போயிட்டாங்க."

அக்கா அறையைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். சுவரோரம் மெல்லிய தலையணை. மூட்டு வலிக்காகக் குட்டி முக்காலி. நாற்காலி முதுகில் சால்வை. மேசையில் இரண்டு கப்.

"முக்காலியைத் தூக்கு!"

நான் முக்காலியையும் சால்வையையும் அள்ளினேன். அவள் கட்டிலில் மண்டியிட்டுத் தலையணையை இழுத்தாள். விரிப்பு கலைந்தது. அதைச் சரிசெய்வதற்குள் நடைபாதையில் சூப்பர்வைசரின் குரல் கேட்டது: "இப்படி வாங்க சார்."

நான் அந்தத் தளத்துக்கு வரவே கூடாதவள். குளியலறைக்குள் புகுந்து கதவை ஒருக்களித்துக்கொண்டேன்.

பெரியவர் உள்ளே வந்தார். தலையணையை மார்போடு அணைத்தபடி அக்கா கட்டிலருகே நின்றாள். மேசையில் இரண்டு கப்பும் அப்படியே இருந்தன.

"அதை எங்கேம்மா கொண்டு போறே?"

"தப்பா வெச்சுட்டேன் சார். ரெண்டு பேருன்னு நெனச்சு…"

அவர் கிட்டே போய் அந்தத் தலையணையை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். "இது அவளோடதுதானே? மெலிசா."

"ஆமா சார்."

சூப்பர்வைசர் நடுவில் புகுந்தார். "மன்னிக்கணும் சார். பெரிய தப்பு. இவளை உடனே மாத்திடறேன், வேற ஆள் வருவாங்க."

அக்கா தலைநிமிரவில்லை. குளியலறைக்குள் முக்காலி சுவரில் இடித்துவிடாமல் நான் அதைச் சால்வையோடு சேர்த்து இறுக்கிக்கொண்டேன்.

பெரியவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். "வீட்டுல அவ சாமானை எல்லாம் பசங்க ஒரே நாள்ல எடுத்துட்டாங்க. என் நல்லதுக்குத்தானாம்." மேசைப் பக்கம் திரும்பி இரண்டாவது கப்பைக் காட்டினார். "அந்தக் கப்பைக் கொண்டு போயிடும்மா. அதை என்னால பார்க்க முடியலை. தலையணை இருக்கட்டும்."

"ஆளை மாத்தணும்ல சார்?" என்றார் சூப்பர்வைசர்.

"எதுக்கு? புதுசா ஒருத்தர் வந்தா நான் எல்லாத்தையும் முதல்லேர்ந்து சொல்லணும்." அவர் குனிந்து காலணியைக் கழற்றினார். "அதுக்கு எனக்குத் தெம்பு இல்லைய்யா."

அக்கா தலையணையைச் சுவரோரமாக வைத்துவிட்டுக் கப்பை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். கதவுக்கு அப்பால் சூப்பர்வைசர் கேட்டது என் காதில் விழுந்தது: "இப்போ இது புகாரா, இல்லையா?"

"நீங்கதான் சார் சொல்லணும்."

"இல்லைன்னு வெச்சுக்கறேன். போ. அவர் கண்ணு முன்னாடி அதிகம் நிக்காதே."

பெரியவர் பால்கனிக்குப் போனதும் நான் நழுவி வெளியே வந்தேன். லாண்டரியில் அக்கா தேய்ப்பு மேசைமேல் உட்கார்ந்திருந்தாள். கப்பை இன்னும் கீழே வைக்கவில்லை. நான் அதை மெல்ல வாங்கி வைத்தேன்.

"வேலை போகலைல்ல அக்கா? அப்புறம் என்ன?"

"சாயங்காலம் படுக்கையை விரிக்கப் போகணும்டி" என்றாள். "அவர் இப்போ எந்தப் பக்கம் படுப்பார்னு எனக்குத் தெரியலை."