இரண்டாவது படிக்கட்டுக்கு யார் காசு கொடுப்பது?

அடுக்குமாடியில் வீடு விற்கும் வேலையில் வீட்டைப் பற்றிப் பேசுவது கொஞ்சம்தான். வீடு இல்லாத இடத்தைப் பற்றித்தான் நாளெல்லாம் பேச வேண்டும். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய நான் சென்னையை ஒட்டிய நாவலூரில் இதைத்தான் செய்கிறேன். வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துப் பிழைக்கிற யாருக்கும் என் பாடு புரியும்.

வெட்டுப்பட்ட ஹால்

தீ விபத்துப் பாதுகாப்பு விதிகள் கடுமையானதும் எங்கள் கட்டடத்தின் பிளான் மாறியது. இரண்டாவது படிக்கட்டு, பெரிய தண்ணீர்த் தொட்டி, ஆபத்தில் ஜனங்கள் ஒதுங்க ஒரு காலி மாடி. விற்க வீடு குறைந்தது, சதுர அடி விலை ஏறியது. சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு தம்பி, மாடல் வீட்டை டேப் வைத்து அளந்துவிட்டு என்னை முறைத்தார். "என் ஹாலை வெட்டி யாருக்குக்கா படி கட்டி வச்சிருக்கீங்க?"

காலி மாடி

கார் டிராவல்ஸ் நடத்தும் ஒருவருக்கு அந்தக் காலி மாடிமேல் ஆசை. நல்ல காற்று, தூரத்தில் கடல். விற்பனைக்கு இல்லை என்று மூன்று முறை சொன்னேன். "சும்மாதான கீது, பாதி ரேட்டுக்குக் குடுக்கா. நெருப்பு வந்தா காலி பண்ணிக் குடுத்துடறேன்."

மேனேஜரிடம் கேட்டது

"நாலைந்து மாடியோடு நிறுத்தியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லையே சார்" என்றேன். நிலம் வாங்கிய விலைக்கு உயரமாகக் கட்டினால்தான் கட்டுப்படியாகும், உயரம் ஏறினால் விதியும் கூடவே ஏறும் என்று விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இந்த மாசம் ஒரு புக்கிங்காவது வரலன்னா, அடுத்த மாசம் நீங்க வர வேணாம்மா."

பூந்தொட்டி

மாதத்தின் கடைசி ஞாயிறு. நிலம் விற்ற பணத்தில் மகனுக்கு வீடு வாங்க, திருக்கழுக்குன்றத்திலிருந்து ஒரு அம்மாவும் கணவரும் வந்தார்கள். படிக்கட்டுப் பேச்சே வரக்கூடாதென்று இரண்டாவது படிக்கட்டின் கதவுக்கு முன்னால் பெரிய பூந்தொட்டியை வைத்திருந்தேன். அந்த அம்மா அதை நகர்த்திக் கதவைத் திறந்துவிட்டார்.

"இன்னாம்மா இது, இன்னொரு படியா?"

என் வேலை போயிற்று என்று நினைத்தேன். விலை ஏறியதும் இதனால்தான் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்தப் படியில் இறங்கினார். இரண்டு மாடி இறங்கி, மறுபக்கத்துப் படியில் ஏறி எங்கள் முன்னால் வந்து நின்றார். கணவர் விலையைப் பற்றி வாயெடுத்தார், அந்த அம்மா விடவில்லை.

"நம்ம ஊரு மலைக்கோயிலுக்கே ஏற ஒரு வழி, எறங்க ஒரு வழி வச்சிக்கீறாங்க. இத்தினி குடும்பம் இருக்கற எடத்துல ஒரே வழின்னா புள்ளைய வுடுவனா? நீ எழுதிக்கோம்மா. அந்தத் தொட்டிய மட்டும் எடுத்துடு."

இப்போதெல்லாம் யார் வந்தாலும் முதலில் இரண்டு படிக்கட்டிலும் ஏற்றி இறக்கிவிட்டுத்தான் ஹாலைக் காட்டுகிறேன். மூச்சு வாங்குகிறவர்களுக்கு டேப் பிடிக்கத் தெம்பு இருப்பதில்லை.