நடுக்கோட்டில் படுத்திருந்தவர்

பத்து பாகாட் நகரில் காரை டயர் மாற்றக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது தனலெட்சுமி அம்மையாரின் மகள் அழைத்தார். "அங்கிள், அம்மா காலையில தவறிட்டாங்க. தூக்கத்துலயே." வேலை முடிந்துவிட்டதைக் கடைக்காரர் இரண்டு முறை சொல்லவேண்டியிருந்தது. நேரே கூலாய்க்குக் காரை விட்டேன்.

மலேசியாவின் ஜோகூரில் போக்குவரத்து அலுவலகம் ஒன்றில் நானும் தனலெட்சுமி அம்மையாரும் பல ஆண்டுகள் எதிரெதிர் மேசை. பெக்கோக் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, கூலாயில் வாழ்க்கைப்பட்டவர். என்னைவிட ஒரு வயது மூத்தவர். நான் அக்கா என்பேன், அவர் என்னை மணியம் என்பார். சிங்கப்பூர் அதிகாரிகளோடு சேர்ந்து, இரு நாட்டையும் இணைக்கும் பாலத்தின் பாதுகாப்பைப் பேசும் குழுவில் எங்கள் இருவரையும் போட்டார்கள். பேச்சுவார்த்தைக்கு நான் அலுவலகக் காரில் போவேன். அவர் விடியற்காலையில் தொழிலாளர்களோடு பஸ்ஸில் நெருக்கியடித்துப் பாலத்தைக் கடந்து, கசங்கிய உடையோடு வந்து சேர்வார். "கார்ல போனா பாலம் சின்னதா தெரியும், மணியம்" என்பார். எனக்கு அது வீம்பாகத்தான் பட்டது.

கூட்டம் தவறாமல் ஒரே கேள்வி கேட்பார். "நடுப்பாலத்துல ஒருத்தர் விழுந்துட்டா யாரு தூக்குவாங்க?" அதற்கு எங்கள் ஆவணத்தில் பதில் இருந்தது: 'இரு தரப்பும் கலந்தாலோசித்துச் செயல்படும்.' எழுதியவன் நான்தான். அந்த வாக்கியத்தின் மேல் எனக்குக் கொள்ளைப் பெருமை.

பிறகு கூட்டு ஒத்திகை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாலத்தில் ஒரு தடத்தை அடைத்து, ரசாயன லாரியும் பஸ்ஸும் மோதியதாக ஏற்பாடு. காயம்பட்டவர்களாக நடிக்கப் பலரைப் படுக்கவைத்தோம். யாருக்கு என்ன காயம் என்று கழுத்தில் ஓர் அட்டை தொங்கும். நடிக்க வேண்டிய ஓர் ஆள் வரவில்லை. குறிப்பெடுக்க வந்த அக்கா, 'மூச்சுத் திணறல்' என்ற அட்டையைத் தானே மாட்டிக்கொண்டு, பாஜு குரோங் உடையோடு போய்ப் படுத்துவிட்டார். படுத்த இடம் சரியாக எல்லைக்கோடு. தலை எங்கள் பக்கம், கால் அந்தப் பக்கம்.

இரண்டு நாட்டுக் குழுக்களும் பாய்ந்து வந்தன. எங்கள் ஆட்கள் அவரைப் பார்த்து நின்று, விருந்தாளிக்கு வழி விடுவதுபோல சிங்கப்பூர்க் குழுவுக்குக் கை காட்டினார்கள். அவர்களும் மரியாதையாக எங்களுக்குக் கை காட்டினார்கள். இரு பக்கமும் வாக்கி டாக்கியில் மேலிடத்தைக் கேட்டது. மற்ற எல்லோரும் ஆம்புலன்சில் ஏறிவிட்டார்கள். ஒத்திகை வெற்றி என்று பெரிய அதிகாரிகள் முன்னால் ஒலிபெருக்கியில் அறிவித்தேன். கைதட்டல் ஓய்ந்தபின்தான் அக்கா எழுந்து, முதுகில் தார்மண்ணோடு என்னிடம் வந்தார்.

"மணியம், நான் செத்து இருபது நிமிஷம் ஆச்சு லா. ரிப்போர்ட்ல போடுங்க."

"எத்தன பேரு முன்னால மானத்த வாங்கிட்டீங்கக்கா."

"மானம் போனா திரும்ப வாங்கிக்கலாம். மூச்சு போனா?"

நான் அதை அறிக்கையில் போடவில்லை. மூன்று மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவும் இல்லை. எதிர்மேசையில் இருந்துகொண்டு அது எவ்வளவு சிரமம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஆனால் அந்தப் பக்கத்துக் குழுவின் பொறுப்பாளர் திரு. ஓங், தன் அறிக்கையில் நடந்ததை அப்படியே எழுதியிருந்தார். வேறு வழியில்லாமல் பேச உட்கார்ந்தோம். மயங்கிக் கிடப்பவருக்கு எல்லைக் கடப்பிதழ் சோதனை எப்படி, எந்த நாட்டு மருத்துவமனை, காப்புறுதி யாருடையது என்று மூன்று கூட்டம் இழுத்தது. கடைசியில் அக்காவின் ஒரு வரி நின்றது: முதலில் கை வைப்பவர் தூக்க வேண்டும், மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

சில ஆண்டுகள் கழித்து, வேலை முடிந்து மோட்டார்சைக்கிளில் திரும்பிய ஒருவர் நடுப்பாலத்தில் விழுந்தார். அந்தப் பக்கத்துக் குழு முதலில் வந்தது; யாரையும் கேட்கவில்லை, தூக்கிக்கொண்டு ஓடியது. அவர் பிழைத்தார். செய்தி வந்ததும் அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். நீங்கள் சொன்னதுதான் சரி என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மழை வரும்போல இருக்கிறது என்றேன். "ஆமா, இருட்டிக்கிட்டுதான் வருது" என்று சிரித்தார். அதற்குப் பிறகும் எத்தனையோ நாள் ஒன்றாகத் தேநீர் குடித்தோம். சொல்லவேயில்லை.

மறுநாள் கூலாய் வீட்டுக்குத் திரு. ஓங்கும் வந்திருந்தார், தலை முழுக்க நரைத்து, பஸ் பிடித்து. எடுக்கும் நேரம் வந்தது. அக்காவுக்கு மகன் இல்லை, ஒரே மகள். பெக்கோக்கிலிருந்து வந்த பிறந்த வீட்டார், "நீங்க தூக்குங்க, உங்க வீட்டு மருமக" என்று ஒதுங்கினார்கள். கணவர் வீட்டார், "இல்லல்ல, கூடப் பிறந்தவங்க நீங்க இருக்கீங்க" என்று கை காட்டினார்கள். அத்தனை பேரும் மரியாதையானவர்கள். சவப்பெட்டி நடுக்கூடத்தில் அப்படியே இருந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "முதல்ல கை வைக்கிறவங்க தூக்கணும். அக்கா சொன்னது" என்று சொல்லிக் கைப்பிடியைப் பிடித்தேன். திரு. ஓங்குக்குத் தமிழ் தெரியாது. என் கை போன இடத்தைப் பார்த்தார். எதிர்ப்பக்கம் வந்து பிடித்துக்கொண்டார். அடுத்த நொடி இரு வீட்டாரின் கைகளும் சேர்ந்தன.

வாசல் இறங்கும்போது பெட்டியின் பக்கம் குனிந்து சொன்னேன்: "நீங்க சொன்னதுதான் சரிக்கா. ரிப்போர்ட்ல போட்டுக்குங்க."