காதின் மேல் விழுந்த பழி

சென்ற வாரம் செவ்வாய்க்கிழமை மத்தியானம் எனக்குக் காது போய்விட்டது. வெள்ளிக்கிழமை திரும்பி வந்தது. இடையில் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில், ஷிப்ட் என்றால் என்னவென்று அறியாத பாக்கியசாலிகளுக்கு ஒரு விளக்கம். நெய்வேலிக் குடியிருப்பில், எங்கள் பிளாக்கில், ஒரு வீட்டு ரேடியோ எவ்வளவு சத்தமாகப் பாடலாம் என்பதைத் தீர்மானிப்பவர் ரேடியோவின் சொந்தக்காரர் அல்ல. பக்கத்து வீட்டுக்காரர். அவருக்கு நைட் ஷிப்ட் என்றால் பகலெல்லாம் தூங்குவார். நடுவில் இருப்பதோ ஒரே ஒரு சுவர். அந்த வாரம் குக்கர் விசில் அடிப்பதற்குள் ஓடிப்போய் அடுப்பை அணைக்கிற பெண்கள் இங்கே உண்டு. அடுத்த வாரம் நம் வீட்டுக்கும் நைட் ஷிப்ட் வருமே!

எனக்குக் காலை ஷிப்ட். மத்தியானம் வந்து சாப்பிட்டால், கொஞ்சம் நாகஸ்வரம் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டிலோ குறட்டை. என்ன செய்வது?

மரியதாஸ் உதவிக்கு வந்தார். எலெக்ட்ரிகல் செக்ஷன், கடலூர்க்காரர், பாட்டுப் பைத்தியம். அவருடைய அண்ணன் கப்பலில் வேலை பார்க்கிறார். அண்ணன் கொண்டுவந்து கொடுத்த பெரிய ஹெட்ஃபோனை மரியதாஸ் எனக்கு இரவல் தந்தார். காதை முழுதாக மூடும் மெத்தை, சுருள் சுருளாக ஒயர்... டெலிபோன் எக்ஸ்சேஞ்சையே தலையில் மாட்டியது போல இருந்தது.

"மாட்டிப் பாருண்ணே! கச்சேரி மேடையில குந்திகினு கேக்கற மாதிரி கணீர்னு இருக்கும்."

வீட்டில் என்னிடம் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் உண்டு. கேசட்டைப் போட்டேன். தலையில் மாட்டினேன். கண்ணை மூடினேன்.

கல்யாணம் குறிஞ்சிப்பாடியில் நடக்கிறது என்று வையுங்கள். நான் நெய்வேலியில் உட்கார்ந்திருக்கிறேன். நாகஸ்வரம் அந்தத் தூரத்தில் கேட்டது.

வால்யூமைக் கடைசி வரை திருப்பினேன். கல்யாணம் நடுவழியில் வடலூர் வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

மனைவியைக் கூப்பிட்டு அவள் தலையில் மாட்டினேன். "கேக்குதா?"

"கேக்குதுங்க."

"நல்லாக் கேக்குதா?"

"நாயனந்தானுங்க? நல்லாக் கேக்குது. எனக்கு அரிசி ஊறுது, உடுங்க."

அவள் போய்விட்டாள்.

மரியதாஸுக்குக் கணீர். என் மனைவிக்கு நல்லாக் கேட்கிறது. எனக்கு மட்டும் வடலூர். இதற்கு என்ன அர்த்தம்? ஹெட்ஃபோனில் கோளாறு இருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தோன்றவில்லை. வெளிநாட்டுச் சாமான் மேல் நமக்குச் சந்தேகம் வருமா? காதுதான் உள்நாட்டுத் தயாரிப்பு. பழி அதன் மேல்தான் விழும்.

அதிலும் நான் அனல்மின் நிலையத்து டர்பைன் ஹாலில் வேலை பார்க்கிறவன். அங்கே பேச வேண்டுமென்றால் காதில் வாய் வைத்துக் கத்த வேண்டும். அந்த இரைச்சலுக்குள் மெஷினின் சத்தம் ஒரு இழை மாறினாலும் எனக்குத் தெரியும். மீட்டர் முள் அசைவதற்கு முன்பே தெரிந்த நாட்கள் உண்டு. "கொஞ்சம் வந்து கேட்டுச் சொல்லுங்க" என்று என்ஜினியர் ஆளனுப்புவார். என் உத்தியோகத்தில் எனக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால் அது இந்தக் காதுதான்.

வருடாந்திர மெடிக்கலில் காதுப் பரிசோதனை திங்கட்கிழமை. சென்ற தடவை அதில் தேறாத ஒருவரை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். நல்ல மனிதர். இப்போது நட்டு போல்ட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அவை சத்தமே போடுவதில்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் நான் மனிதனாக இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. கைக்கடிகாரத்தை வலது காதில் வைத்துக் கேட்டேன். பிறகு இடது காதில். கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போனேன். எந்தத் தூரத்தில் கேட்காமல் போக வேண்டும் என்பது தெரிந்தால்தானே பயன்? அது தெரியாது. இருந்தும் பயந்தேன்.

"மணி பாக்கறதுக்குக் காதெதுக்குங்க?" என்றாள் மனைவி.

வேலையில் இன்னும் மோசம். இரண்டாவது மெஷின் பக்கம் நின்று உற்றுக் கேட்டால், எல்லாம் மாறியிருப்பது போலவும் இருந்தது, எதுவுமே மாறாதது போலவும் இருந்தது. காதை நம்பாதவனுக்குச் சத்தம் வெறும் சத்தம்தான். வியாழக்கிழமை என்ஜினியர் கூப்பிட்டபோது, வேறொருவரை அனுப்பிவிட்டேன். அதுதான் மிகவும் வலித்தது.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ஹெட்ஃபோனைத் திருப்பிக் கொடுக்க மரியதாஸ் வீட்டுக்குப் போனேன்.

"எப்படிண்ணே?"

"பிரமாதம்" என்றேன். வேறென்ன சொல்ல?

"எதுல மாட்டினே?"

"டூ-இன்-ஒன்லதான்."

மரியதாஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அப்புறம் உள்ளே திரும்பி, "ஜெசிந்தா, இங்க வா! அண்ணன் இதை டூ-இன்-ஒன்ல மாட்டிகினு பிரமாதம்ங்கிறாரு!" என்றார்.

அவர் மனைவி எட்டிப் பார்த்தார். "பாவம், உன் மனசு நோவக்கூடாதுன்னு சொல்றாரு. நீதான் ஆம்ப்ளிஃபயர் வேணும்னு சொல்லிக் குடுத்திருக்கணும்."

நான் ஒரு எட்டு முன்னால் வந்தேன். "என்ன வேணும்?"

அலமாரி மேல் ஒரு பெட்டி இருந்தது. மரியதாஸ் தாமே சால்டரிங் வைத்துச் செய்த ஆம்ப்ளிஃபயர். அதில் ஹெட்ஃபோனைச் செருகி, நாகஸ்வரக் கேசட் ஒன்றை ஓடவிட்டு, என் தலையில் மாட்டினார். குமிழைக் கொஞ்சம்தான் திருப்பினார்.

துள்ளிவிட்டேன்! தவில்காரர் என் மடியில் உட்கார்ந்து வாசித்தார். நாகஸ்வரத்துச் சீவாளியில் படும் மூச்சுகூடக் கேட்டது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சங்கீதத்தால் என்று மரியதாஸ் நினைத்துக்கொண்டார்.

விஷயம் இதுதான். இந்த ரக ஹெட்ஃபோனுக்குள் இருக்கும் கம்பிச் சுருளுக்கு மின்தடை அதிகம். டூ-இன்-ஒன் தள்ளுகிற தள்ளு அதற்குப் போதாது. சத்தம் வரும், ஆனால் உயிர் வராது. அப்படியானால் நல்ல ஹெட்ஃபோன் எல்லாவற்றுக்கும் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டுமா? வேண்டாம். இப்போது வாக்மேனோடு வரும் சின்ன ஹெட்ஃபோன் ஒன்றையும் மரியதாஸ் காட்டினார். வீட்டுக்கு எடுத்துப்போய் அதே டூ-இன்-ஒன்னில் மாட்டினேன். பாதி வால்யூமிலேயே நிறைந்து வழிந்தது. பாதியிலேயே போதும் என்று தோன்றினால் தனிப் பெட்டி எதற்கு? கடைசி வரை திருப்பியும் போதவில்லை என்றால்தான் அந்தப் பேச்சு.

வேடிக்கை என்னவென்றால், மின்சாரமே இல்லாமல் பாடிய பழைய படிக ரேடியோ காலத்தில் ஆம்ப்ளிஃபயரே கிடையாது. அந்த மெல்லிய சத்தத்தைப் பிடிக்கத்தான் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டார்கள் என்று படித்திருக்கிறேன். இதெல்லாம் படித்து என்ன பயன்? செவ்வாய்க்கிழமை ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லையே!

மனைவியைப் பிடித்துக்கொண்டேன். "நல்லாக் கேக்குதுன்னு சொன்னியே?"

"நல்லாக் கேக்குதான்னு கேட்டீங்க, தெளிவாத்தான் கேட்டுது. சத்தம் பத்துமான்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லைதான்.

திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி. சின்ன அறை, கண்ணாடி ஜன்னல், மறுபடி தலையில் ஒரு ஹெட்ஃபோன், கையில் ஒரு பட்டன். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். அழுத்தினேன். நன்றாக அழுத்தினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த, பரிசோதனை செய்யும் அம்மா எழுந்து வந்து கதவைத் திறந்தார்.

"சார், நான் இன்னும் மெஷினே போடல."

அப்புறம் போட்டார். அதன்பின் ஒழுங்காகத்தான் அழுத்தினேன். "வேலைக்குப் போலாம் சார், ஒண்ணுமில்ல" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அன்று எனக்கு மத்தியான ஷிப்ட். டர்பைன் ஹாலின் நடுவில் போய் ஒரு நிமிடம் நின்றேன். அந்த இரைச்சலை அத்தனை ஆசையாகக் கேட்டவன் இதுவரை எவனும் இருந்திருக்க மாட்டான்.

பிறகு, காதைக் காப்பாற்ற எங்களுக்கெல்லாம் ஆபீஸில் எப்போதோ கொடுத்த காதடைப்பான்களை லாக்கரில் தேடி எடுத்து, முதல் முறையாக மாட்டிக்கொண்டேன்.