ஏரிக்கரைப் பூவை எங்கள் வீட்டுப் பூ என்றேன்

பிரசவத்துக்கு ஊருக்குப் போவதற்கு முன் என் மனைவி வாசல் ஓரம் மண்ணைக் கொத்தி, காட்டுப்பூ விதைகளைத் தூவினாள். தும்பை, ஆவாரை, விஷ்ணுகிராந்தி எல்லாம் கலந்த பாக்கெட். மணலோடு பிசைந்து தூவி, மேலே மண் போடாமல் கையால் தட்டிவிட்டாள். குழந்தையோடு திரும்பும்போது வண்ணத்துப்பூச்சி வரவேண்டும், தினமும் தண்ணீர் தெளித்தால் போதும் என்று சொல்லிவிட்டு திருநெல்வேலிக்கு ரயிலேறினாள்.

முளைத்தது. ஊசிமுனை மாதிரி பச்சை. அப்போதுதான் ஒரகடம் கம்பெனியில் எங்கள் லைனில் ஓவர்டைம் ஆரம்பித்தது. பிரசவச் செலவை நினைத்து ஒன்றையும் விடவில்லை. படப்பை வீட்டுக்கு வந்ததும் படுத்துவிடுவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பார்த்தபோது மண் வெடித்துக் கிடந்தது. ஒரு செடிகூட இல்லை.

அன்றைக்கே அவள் போனில் பூ வந்ததா என்று கேட்டாள். வந்துவிட்டது என்றேன். போட்டோ கேட்டாள். மறுநாள் சேரப்பணஞ்சேரி பக்கம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரிக்கரையில் பூத்திருந்த தும்பையைக் கிட்டத்தில் வைத்து எடுத்து அனுப்பினேன். அதற்கப்புறம் நிறுத்த முடியவில்லை. மாப்பிள்ளை பூச்செடி வளர்க்கிறார் என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னார்களாம். அதைக் கேட்டபோது போனை வைத்துவிடலாம் போலிருந்தது.

மகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கியவள், வெறும் மண்ணைப் பார்த்தபடி நின்றாள். மாடு மேய்ந்துவிட்டது என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும். ஒரு போட்டோவுலயும் நம்ம வீட்டு கேட் இல்ல," என்றாள்.

"அப்பவே கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா அனுப்புறத நிறுத்திருவீங்க. வலியில படுத்துக் கெடக்கும்போது பாக்க எனக்கு ஏதாவது வேணும்லா?"

அவள் திட்டியிருந்தால் அதோடு தீர்ந்திருக்கும்.

அந்த வாரமே மூன்று பேரும் ஏரிக்கரைக்குப் போய், காய்ந்த தும்பையை உதிர்த்து விதை எடுத்து வந்து தூவினோம். மழையும் பிடித்துக்கொண்டது, முளைத்திருக்கிறது. மழை விட்ட நாட்களில் நான் குவளையை எடுத்தால், "நீங்க தூங்குங்க, அலுத்து வந்திருக்கீங்க," என்று வாங்கிக்கொள்கிறாள். குத்திக்காட்டுகிற ஆளில்லை அவள், அக்கறையில்தான் சொல்கிறாள். ஆனாலும் நான் தூங்குவதில்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அவள் தண்ணீர் தெளிப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.